பத்தில் ஒரு மில்லிமீட்டர்

எண்பது டிகிரி வரட்டும், அதுவரை எதையும் தொடக்கூடாது. ஆறிக் கிடக்கிற என்ஜினில் ஸ்க்ரூவைத் திருகாதே, அது சொல்வதெல்லாம் பொய் என்று ஊரெல்லாம் போதித்துக்கொண்டு திரிகிறவன் நான், எனக்கே இன்றைக்குக் கை துறுதுறுக்கிறது. முள் நாற்பதில் நிற்கிறது. நிற்கவில்லை, நகர்கிறது, பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்கிற மாதிரி தெரிகிறது. ஆவாரம்பாளையத்தில் சனிக்கிழமை காலை பத்து மணி. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடுகிறது, எதிர்ப்புறம் பம்ப் செட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்த வாசனை மதிலைத் தாண்டி வருகிறது. என் முன்னால் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பது அறுபத்தாறாம் வருடத்து ஃபியட். என்ஜினுக்கு ஓரமாக, படுக்கைவாட்டில் இரண்டு இத்தாலிக் கார்புரேட்டர்கள், காற்றையும் பெட்ரோலையும் கலந்து உள்ளே அனுப்புபவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய், நான்கு சிலிண்டருக்கு நான்கு வாய், வாய்க்கு ஒரு ஜெட். ஜெட் என்பது நிலக்கடலைப் பருப்பளவு பித்தளை. நடுவில் ஒரு துளை, அந்தத் துளை வழியாகத்தான் பெட்ரோல் போயாக வேண்டும். துளையின் அளவைத் தலையிலேயே பொறித்திருப்பார்கள். நூற்று முப்பது என்றால் ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர், நூற்றிருபது என்றால் ஒன்று புள்ளி இரண்டு. இந்த வண்டிக்குச் சரியானது நூற்றிருபது. உள்ளே இருப்பது நூற்று முப்பது. நான்கு வருடமாக அதுதான் இருக்கிறது. நாளை ஞாயிறு, செட்டிப்பாளையம் ட்ராக்கில் என் மகள் தாரணி இந்த வண்டியில் ஓட்டப்போகிற கடைசி ரேஸ். கடைசி என்று முடிவு செய்தவள் அவளேதான்; தனக்கு ஓட்ட வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். அவளுக்கு ஓட்ட வரும். வண்டியை ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பவன் நான். இது அவளுக்குத் தெரியாது. பதினொரு மணிக்கு வருவாள்.

போன் அடிக்கிறது. பெங்களூர் பிரசன்னா. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, போன வருடம் ஒரு பழைய ஹெரால்டு கார் வாங்கினார், அதற்குக் கார்புரேட்டர் பொறுக்குவதுதான் மூன்று மாதமாக எங்கள் பேச்சு.

"சார், நாப்பத்தஞ்சு எம்எம் கார்புரேட்டர் கிடைச்சிருக்கு சார், ஜோடியா. போட்டுடலாமா?"

"வேண்டாமுங்க. உங்க என்ஜினுக்கு நாப்பதே தாராளம்."

"பெருசா இருந்தா பவர் ஜாஸ்தி வருமில்ல சார்?"

"வாய் பெருசா இருந்தா வயிறு பெருசாயிருமுங்களா? அந்த என்ஜின் குடிக்கறதே அவ்வளவுதானுங்க. பெரிய வாயை மாட்டுனா காத்து உள்ள மெதுவாப் போகும், பெட்ரோலைத் தூக்காது. சிக்னல்ல கெளப்பறப்ப இருமிட்டு நின்னுரும். படம் புடிச்சுப் போடறதுக்குன்னா மாட்டுங்க, ஓட்டறதுக்குன்னா வேண்டாம்."

சிரித்தார். "அதனாலதான் சார் உங்ககிட்ட கேக்கறது. மத்தவங்க விக்கறதுக்காகப் பேசுவாங்க. நாச்சிமுத்து சார் பொய் சொல்ல மாட்டார்."

போனை வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தேன், கையில் அழுக்கே இல்லை. நாச்சிமுத்து பொய் சொல்ல மாட்டார். முப்பது வருடத்துப் பெயர், இந்தப் பெயருக்காகவே ஹைதராபாத்திலிருந்து லாரியில் வண்டி ஏற்றி அனுப்புகிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பிரசன்னாவின் ஹெரால்டு குப்புற விழுந்தால் எனக்கு இரண்டு நாள் வருத்தமாக இருக்கும், மூன்றாம் நாள் சாப்பாடு இறங்கும். யாரை நினைத்து நமக்குப் பயமில்லையோ அவர்களிடம் உண்மை பேசுவது சுலபம். அவருக்குச் சரியான அளவைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இது ஒன்றும் சித்து வேலை இல்லை. கார்புரேட்டரின் தொண்டைக்குள் இருக்கிற குழாய் முப்பது மில்லிமீட்டர் என்றால் நாலால் பெருக்கு, நூற்றிருபது, அதுதான் ஜெட். பிறகு ஊரைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, ஒரு படி மேலே கீழே. ஊட்டிக்கு ஏறினால் காற்று மெலியும், ஜெட் இறங்க வேண்டும். மெட்ராஸுக்கு இறங்கினால் காற்று கனக்கும், ஜெட் ஏற வேண்டும். ஏறினால் இறக்கு, இறங்கினால் ஏற்று. காற்று கனத்துப் பெட்ரோல் குறைந்தால் லீன், உள்ளே சூடு ஏறிப் பிஸ்டன் உருகும். பெட்ரோல் கூடினால் ரிச், ஒன்றும் உருகாது, கரி அடிக்கும், வண்டி சோம்பும். லீன் ஆளைக் கொல்லும், ரிச் ரேஸைக் கொல்லும். இதையும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். முள் அறுபதைத் தாண்டிவிட்டது. மெட்ராஸ் பக்கத்துச் சோழவரம் ட்ராக்கில் அன்றைக்கு நான் ஜெட்டை ஏற்றவில்லை.

எண்பது. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடிக்கிறேன். ஸ்ஸ்ஸ். இரண்டாவது. ஸ்ஸ். இது கொஞ்சம் கம்மியாக இழுக்கிறது. இரண்டும் ஒரே மூச்சு இழுக்கும்வரை நடுவில் இருக்கிற ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். குழாயைக் காதில் வைத்தால் வெளியுலகம் போய்விடும், லேத் சத்தம் போய்விடும், வேறு சத்தங்கள் வரும். எண்பத்தேழு பிப்ரவரி. என் மனைவி சரோஜினியின் தம்பி தண்டபாணிக்கு வயது இருபத்திரண்டு, எனக்கு இருபத்தைந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து அரைப் புத்தி. கோயம்புத்தூரில் சுருதி சேர்த்த வண்டியை லாரியில் ஏற்றிச் சோழவரத்துக்குக் கொண்டுபோனோம். சனிக்கிழமை மத்தியான வெயிலில் ஒத்திகை, எல்லாரையும்விட எங்கள் வண்டி வேகம், மெட்ராஸ்காரர்கள் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பனி. சட்டைக்குள் குளிர்ந்தது. கடல் மட்டத்துக் காற்று, போதாததற்குக் குளிர்ந்த காற்று. இரண்டு படி ஏற்று என்று புத்தி சொன்னது. ஜெட் பெட்டி கையில் இருந்தது. "மச்சான், ஓடற வண்டியக் கைவெக்காதீங்க" என்றான் தண்டபாணி. அவன் சொன்னதற்காக நான் விடவில்லை, எனக்கும் அதே ஆசை இருந்தது, நேற்று எட்டிப் பார்த்தவர்கள் இன்றைக்கும் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது சுற்றில் நீள நேர்ப்பாதையின் கடைசியில் சத்தம் மாறியது. புதுத்துணியைக் கிழிக்கிற சத்தம். பிஸ்டன் தலையில் ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை, என்ஜின் இறுகிப் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டது. வண்டி ஒரு முறை உருண்டது, இன்னொரு முறை உருண்டது, கூரை கீழாகக் கிடந்தது. நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தபோது தண்டபாணி பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "மச்சான், ஒரு ஷூவைக் காணோம்" என்றான். ஷூ காலில்தான் இருந்தது, கால்தான் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஸ்ஸ்ஸ். ஸ்ஸ்ஸ். இப்போது சரி. பதினொரு மாதம் படுக்கை, இடது கால் ஓர் அங்குலம் குட்டை. கலப்படப் பெட்ரோல் என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்தக் காலத்துப் பெட்ரோலைப் பற்றி என்ன சொன்னாலும் நம்புவார்கள். தண்டபாணி நம்பினானா என்று இன்றுவரை தெரியாது, கேட்டதில்லை. பொள்ளாச்சி ரோட்டில் பேக்கரி வைத்திருக்கிறான், இடது செருப்புக்கு மட்டும் உயரமான அடி, தாரணியின் ஒவ்வொரு ரேஸுக்கும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய பப்ஸ் கொண்டுவந்து, வண்டிகளைத் தயார் பண்ணுகிற பிட்டில் எல்லாருக்கும் கொடுப்பான். மாமன் முறைக்குக் கத்துவான் பாருங்கள், "போடு கண்ணு, போடு, போடு!" என்று, கம்பி வேலியே அதிரும். அவனுக்குப் பயமே இல்லை. விழுந்தவன் மறந்துவிட்டான், நின்று பார்த்தவனுக்குத்தான் மறக்கவில்லை. என்ன நியாயமோ. நான் ட்ராக்கில் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பேன், காது வேலை செய்வதற்காக என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ரேஸ் முடிகிறவரை அந்தக் கிழிகிற சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். வராது. நூற்று முப்பது ஜெட்டில் அது வரவே வராது.

அடுத்து ஐடில் ஸ்க்ரூ, வண்டி நின்றபடி ஓடுகிற ஓட்டத்துக்கானது, நான்கு. ஒன்றை உள்ளே திருப்பு, என்ஜின் தடுமாறும். வெளியே திருப்பு, வேகம் கூடும், கூடும், பிறகு கனக்கும், கனப்பதற்குச் சற்று முன்னால் நிறுத்து. கை தானாகச் செய்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் தாரணிக்கு இருபத்தாறு. பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை, நாள் முழுக்கத் தண்ணீர் எப்படிச் சுழலும் என்று கணக்குப் போடுகிறவள், ஒருநாள் சாப்பிடும்போது ஃபியட்டை ரேஸுக்குத் தயார் பண்ணலாமா என்று கேட்டாள். சரோஜினி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தம்பியின் காலுக்குப் பதினொரு மாதம் ஒத்தடம் கொடுத்த கை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏனுங்க, வண்டிய நீங்க பாத்துக்கறதா இருந்தாப் போகட்டும். இல்லீன்னா வேண்டாம்" என்றாள். பாத்துக்கறேன் என்றேன். பார்த்துக்கொண்டேன். முதல் ரேஸுக்கு முந்தின நாள் நூற்றிருபது போட்டேன், எடுத்தேன், நூற்று முப்பது போட்டேன். இந்த ஒரு ரேஸ், பழகுகிறவரை, என்று சொல்லிக்கொண்டேன். பழகினாள். அழகாகப் பழகினாள். அப்புறம் வெயில் காலம் போகட்டும் என்றேன், மழை முடியட்டும் என்றேன், ஒரு வருடம் ஆனதும் சாக்குச் சொல்வதைக்கூட விட்டுவிட்டேன். நூற்றிருபதில் ஓட்டை விழாது, இது லீன் இல்லை, இதுதான் சரி. புத்திக்கு நன்றாகத் தெரியும். பெட்டியைத் திறக்கிற கைக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. இதில் இன்னொரு கேலிக்கூத்து, கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும், நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிற என்ஜினை நானே தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது ஸ்க்ரூ. என்ஜின் ஒரு தரம் தும்மியது, மறுபடி சீரானது. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை, அதற்குத் தீனி போட வேண்டும். முழு வேகத்தில் ஓட்டிச் சட்டென்று நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நிறம் சொல்லிவிடும். வெள்ளை என்றால் லீன், கறுப்பு என்றால் ரிச், பிஸ்கட் நிறம் என்றால் சரி. தாரணிக்கு இது தெரியும். முதல் தடவையே, "நெறம் எப்படியிருக்குங்கப்பா?" என்று கேட்டாள். கறுப்பாக இருந்தது. அடுத்த தடவையிலிருந்து என் சட்டைப் பையில் வேறு நான்கு பிளக்குகள் இருந்தன, இன்னொரு வண்டியில் ஓடி நல்ல பிஸ்கட் நிறத்துக்கு வந்தவை. குனிந்து கழற்றுகிறவன் நான், முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் அவள். மாற்றிக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இப்போதும் பையில்தான் இருக்கின்றன, குனியும்போது நெஞ்சில் குத்துகின்றன. சைலன்சர் நுனியில் விரலைத் தேய்த்து, கரியா இருக்குதேப்பா என்றாள், பழைய என்ஜின் கண்ணு, ஆயில் குடிக்குது என்றேன். புகையை அளந்து சொல்கிற மெஷின் ஒன்று வாங்கலாமா என்றாள், அறுபதாயிரம் ரூபாய்ப் பொம்மை, என் காதைவிடவா என்றேன். "அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். என் மகள் புத்திசாலி, யார் எதைச் சொன்னாலும் திருப்பிக் கேட்கிறவள், அலுவலகத்தில் அவளைக் கண்டால் சப்ளையர்கள் நடுங்குவார்களாம். என்னிடம் மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

நான்காவது ஸ்க்ரூவும் முடிந்தது. ஐடில் நன்றாக இருக்கிறது, பானெட்டின் மேல் காபி டம்ளர் வைத்தால் தளும்பாது. ஐடிலில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மணி பத்து முப்பத்தைந்து. இரண்டு வாரத்துக்கு முன்னால் ராத்திரி தயிர் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "போதும்ப்பா. நாலு வருஷம் ஓட்டிப் பாத்தாச்சு. எனக்கு வரலை. அடுத்த ரேஸோட நிறுத்திக்கறேன்." அழவில்லை, கோபப்படவில்லை, பேருந்து நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். உன் இஷ்டம் கண்ணு என்றேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிம்மதிதான், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். இனிமேல் வேலியோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம். அப்படியே போயிருந்தால் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டறைக்கு வந்து போனை நீட்டினாள். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேமராவை டேப் போட்டு ஒட்டி, போன ரேஸில் தன் காலையே படம் பிடித்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். நேர்ப்பாதையில் எல்லாரும் தன்னைத் தாண்டிப் போகிறார்கள், ஈரோட்டு டாக்டர்கூட, ஐம்பத்தெட்டு வயது, தொந்தி ஸ்டியரிங்கில் இடிக்கும், அவர்கூடத் தாண்டுகிறார். வளைவில் தான் அவரைப் பிடிக்கிறாள், மறுபடி நேர்ப்பாதையில் தாண்டிவிடுகிறார். அப்படியானால் தனக்கே தெரியாமல் பயத்தில் காலைத் தூக்குகிறோமோ என்று சந்தேகம் வந்திருக்கிறது. படத்தில் அவள் கால் தெரிந்தது, மெல்லிய அடி வைத்த நீல ஷூ. நேர்ப்பாதை வந்ததும் கால் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தியது. அப்படியே இருந்தது. நடுங்கவில்லை, தளரவில்லை. எட்டுச் சுற்று, எட்டு முறையும் அப்படியே. "பாருங்கப்பா, எடுக்கவே இல்ல. அப்பறம் ஏன்?" என்றாள். நான் முழுப் படத்தையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பயம் காலுல தெரியாது கண்ணு, மனசுல இருக்கும்" என்றேன். அவள் படத்தை நிறுத்திவிட்டு, "அப்படித்தான் இருக்கும்" என்று பையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு கேவலமான ஒரு வாக்கியத்தை நான் வாழ்க்கையில் வேறு யாரிடமும் சொன்னதில்லை. வாயில் நின்று யோசித்துக்கூட வரவில்லை, தயாராக இருந்து வந்தது.

சரி. என்ஜினை அணைத்தாயிற்று. அணைத்த பிறகும் காதில் ஓடுகிறது. நூற்றிருபதைப் போட்டால் தெரிந்துவிடும். அதுதான் இதில் இருக்கிற முடிச்சு, நான்கு நாளாக இங்கேதான் வந்து மாட்டுகிறேன். சரி செய்தால் முதல் நேர்ப்பாதையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், இந்த வண்டியின் அதிர்வை உட்கார்ந்த உடம்பாலேயே அறிகிறவள். சரி செய்யாவிட்டால் தெரியாது, எப்போதும் தெரியாது. ஃபியட்டை விற்றுவிடுவாள், எனக்கு ஓட்ட வராது என்று எழுபது வயதுவரை சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் சொல்லுவாள். நடுவில் ஒன்று இருக்கிறதே, நூற்று இருபத்தைந்து. பாதித் தப்பு. ஈரோட்டு டாக்டரைத் தாண்டுகிற அளவுக்கு வேகம், சந்தேகம் வராத அளவுக்கு மந்தம். பெட்டியிலிருந்து நூற்று இருபத்தைந்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன், என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. உண்மைக்குக்கூடப் படிக்கட்டு கட்டுகிறவன். அல்லது நூற்றிருபதையே போட்டுவிட்டு, காற்று ஒழுகுகிற இடம் ஒன்று கண்டுபிடித்தேன் கண்ணு, கேஸ்கட்டில், நான்கு வருடமாக என் கண்ணில் படவில்லை என்று சொல்லலாம். இது நல்ல பொய். அவள் ஜெயிப்பாள், நானும் தப்பிப்பேன், பாவம் அப்பா, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள், அவ்வளவுதானே. இதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லிவிடலாம். மேல் மூடியின் விங் நட்டைத் திருகினேன். மூடியைத் தூக்கினால் உள்ளே பித்தளைக் குழல்கள் ஜோடி ஜோடியாக நிற்கும், ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு திருப்பு, மேலே வரும், அடியில் செருகியிருப்பதுதான் ஜெட். நான்கையும் மாற்ற எட்டு நிமிடம். ஒவ்வொன்றிலும் பொறித்த எண்ணை இரண்டு தரம் பார்த்ததால் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்றாவதைச் செருகும்போது அந்தத் துணி கிழிகிற சத்தம் கேட்டது, நிமிர்ந்தேன், எதிரே பெயின்ட் அடிக்கிறவர்கள் அட்டைப்பெட்டியின் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நூற்று முப்பது நான்கையும் பெட்டிக்குள் அதனதன் குழியில் வைத்தேன். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"ரெடிங்களாப்பா?"

"ரெடி கண்ணு. ஏறு."

மத்தியானம் செட்டிப்பாளையத்தில் வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். கீரணத்தம் தாண்டி ஒரு லேஅவுட் இருக்கிறது, பிளாட் போட்டு ஆறு வருடமாக விலை போகாமல் கிடக்கிறது, அதன் நடுவில் ஆளில்லாத தார் ரோடு ஒரு கிலோமீட்டர். போகும் வழியெல்லாம் டவுனுக்குள் மெதுவாகத்தான் ஓட்டினாள், மெதுவாக ஓட்டும்போது இந்த ஜெட்டுக்கு வேலையில்லை, வித்தியாசம் தெரியாது. அலுவலகத்தில் கேன்டீன் மாற்றியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன். லேஅவுட் வளைவில் பெட்டியோடும் பிளக் ஸ்பேனரோடும் இறங்கிக்கொண்டேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் சத்தம் ஏறியது, எப்போதும் கனத்துத் தொங்குகிற இடத்தில் கனக்கவில்லை, தாண்டி மேலே போனது. கண்ணை மூடிக்கொண்டேன். வழக்கப்படி ரோட்டின் கடைசியில் அணைத்துவிட்டு உருட்டி நிறுத்த வேண்டும், நான் நடந்துபோய்ப் பிளக்கைக் கழற்ற வேண்டும். அவள் அணைக்கவில்லை. திருப்பிக்கொண்டு வந்தாள், என்னைத் தாண்டிப் போனாள், மறுபடி திருப்பினாள். மூன்று முறை. பிறகு என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஜெட்டுங்கப்பா?"

காற்று ஒழுகுகிற கேஸ்கட் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நம்புவாள். நான் எது சொன்னாலும் நம்புவாள் என்பது அந்த நிமிடம் தாங்க முடியாததாக இருந்தது.

"நூத்தி இருபது."

"இத்தன நாளு?"

"நூத்தி முப்பது."

"எப்பருந்து?"

"மொதல்ல இருந்தே."

ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியில் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. "பிளக்கு பிஸ்கட் கலர்ல இருந்துச்சே. நீங்கதான காட்டுனீங்க."

"அது இந்த வண்டிப் பிளக்கு இல்ல கண்ணு."

ஏன் என்று கேட்பாள், பதில்களை நான் வரிசையாக வைத்திருந்தேன்: மாமாவின் கால், அம்மா வாங்கிய வாக்கு, அந்தப் பிஸ்டன் என் ஜெட்டால்தான் போனது என்று இதுவரை யாரிடமும் சொல்லாதது. கேட்கவில்லை. எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போடுகிறாள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு, எட்டுச் சுற்றுக்கு இவ்வளவு, எத்தனை ரேஸ், யார் யார் முன்னால் போனார்கள். "அப்போ அந்த ஈரோட்டு டாக்டர்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தெரியாத ஆளிடம் வழி கேட்கப்போகிறவள் மாதிரி பார்த்தாள்.

"மனசுல இருக்குன்னு சொன்னீங்க" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "பெட்டியக் குடுங்க." கொடுத்தேன். "ஸ்பேனர்." அதையும் கொடுத்தேன். இரண்டையும் நான் உட்கார்ந்து வந்த சீட்டில் வைத்தாள். "நான் இப்பிடியே செட்டிப்பாளையம் போறேன். நீங்க கீரணத்தத்துல பஸ் புடிச்சுப் போயிருங்க. தண்ணி பாட்டில் வேணுங்களா?"

"வேண்டாம் கண்ணு. நாளைக்கு எத்தன மணிக்குப் போலாம்?"

"நாளைக்கு நீங்க வரவேண்டாமுங்கப்பா."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மரியாதை குறையாமல்தான் சொன்னாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதி விழுந்த பிளாட் கற்களுக்கு நடுவில் நான் நின்றேன், உச்சி வெயில், செருப்பு தாரில் ஒட்டியது. லேஅவுட்டைத் தாண்டி பெரிய ரோட்டில் ஏறினாள், முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதை, கியர் மாற்றச் சொல்லி நான் பழக்கியிருந்த இடத்தையும் தாண்டிப் பிடித்தாள், பிறகுதான் நான்காவது. எனக்குப் பயமாக இருந்தது, முன்னைவிட அதிகமாகவே இருந்தது. ஆனாலும் காது கேட்கிற தூரம்வரை அந்த ஓட்டத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.